கேட்காமல் விட்ட கேள்வி

விசாரணைக்கு முதல் நாள் மாலையே வரச் சொல்லியிருந்தார் அந்த வக்கீல். மதுரையில் மாடிப்படிக்குக் கீழே பாதியும் மேலே பாதியுமாக இயங்கும் அலுவலகம். முப்பது வருடங்களுக்கு மேலாகக் கிரிமினல் கேஸ் மட்டும் நடத்துபவர். பெயர் போடக் கூடாது என்பது நிபந்தனை. கோர்ட்டில் வாதாடுவதைப் பார்க்கத்தானே வந்திருக்கிறோம், அலுவலகத்தில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அங்கேதான் எல்லாம் இருந்தது.

மேஜையில் ஒரு கொலைக் கேஸ் கட்டு. சம்பவம் 2021இல் நடந்ததால் இன்னமும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302தான். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடக்கும் கொலைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. ஜூனியர்கள் இரண்டு எண்ணையும் மனப்பாடம் செய்கிறார்கள். சீனியர் வாயிலும் குமாஸ்தா வாயிலும் கொலை என்றால் ‘முந்நூத்தி ரெண்டு’தான், அது மாற ஒரு தலைமுறை ஆகலாம்.

கட்டைப் பிரித்ததும் அவர் சாட்சிகளின் கதையைப் படிக்கவில்லை. நேரங்களைப் படித்தார். சம்பவம் இரவு 9 மணி. புகார் பதிவானது 10.30. முதல் தகவல் அறிக்கை நடுவரின் கைக்குப் போனது மறுநாள் காலை 11.40. நடுவர் கையெழுத்தோடு நேரத்தையும் குறித்துவைப்பார். வெளியாள் கண்ணில் படாத அந்தச் சின்னக் கிறுக்கல்தான் வக்கீலின் முதல் சாட்சி. “ஸ்டேஷன்லேருந்து கோர்ட்டுக்கு எட்டு கிலோமீட்டர். பதிமூணு மணி நேரமா நடந்து வந்தாங்களா?” என்று கேட்டுவிட்டு, தானே பதிலும் சொன்னார்: “தாமதம் மட்டும் போதாது. காரணம் சொல்லிட்டா கோர்ட் ஏத்துக்கும். ஆனா அந்த இடைவெளியில யார் பேர் உள்ள வந்துச்சுன்னு நான் கேட்கலாம்.”

அடுத்து பிரேதப் பரிசோதனை அறிக்கை. எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வெளியே போனவர் என்கிறது குடும்பம். இரைப்பை காலியாக இருந்தது என்கிறார் டாக்டர். சோறு செரிக்க மணிக்கணக்கு ஆகும். அப்படியானால் உயிர் போனது ஒன்பது மணிக்குத்தானா? செரிமானம் கடிகாரம் பார்த்து நடப்பதில்லை என்று எந்த டாக்டரும் சொல்லிவிடுவார். அது அவருக்கும் தெரியும். தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒப்புதல் வாக்குமூலம். போலீஸிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. அதைத் தொடர்ந்து கைப்பற்றப்பட்ட பொருளைப் பற்றிய பகுதி மட்டும்தான் செல்லும். அதனாலோ என்னவோ, தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் பலர் மனம் உறுத்தி, நேரே கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். அரிவாளை எடுத்துக் கொடுக்கும்போது மகஜரில் கையெழுத்துப் போடுபவர்களும் பெரும்பாலும் அவரும் அவருடைய உதவியாளரும்தான். பட்டா மாறுதலுக்குக்கூட அவரைப் பிடிக்க நாலு நடை நடக்க வேண்டிய ஊரில், கொலை செய்தவன் கண்ணில் மட்டும் அவர் உடனே பட்டுவிடுகிறார். இது என் கிண்டல், வக்கீல் சிரிக்கவில்லை. “முன்பின் பழக்கம் உண்டான்னு ஒரு கேள்வி. அதோட உட்கார்ந்துடணும்” என்றார்.

மறுநாள் காலை பத்தரை மணி, செஷன்ஸ் கோர்ட். டவாலி மூன்று முறை பெயர் கூப்பிட்டதும் நேரில் பார்த்த சாட்சி கூண்டேறினார். அரசு வக்கீலின் முதல் விசாரணை இருபது நிமிடத்தில் முடிந்தது. குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரும் வெட்டியதைப் பார்த்தேன், இன்னார் கழுத்தில், இன்னார் கையில் என்று பிசகாமல் சொன்னார்.

வக்கீல் எழுந்தார். குரல் உயரவே இல்லை.

“யார் எங்க வெட்டினாங்கன்னு போலீஸ் விசாரிச்சப்ப சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் அது இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தைச் சாட்சி முகத்துக்கு நேரே ஆட்டுவது சினிமாவில்தான். இங்கே கேள்வியும் பதிலும் பதிவாகும், பல வாய்தா கழித்து இன்ஸ்பெக்டர் கூண்டேறும்போது, “இந்தச் சாட்சி உங்களிடம் அப்படிச் சொன்னாரா?” என்று கேட்டு, “இல்லை” என்ற பதிலை வாங்கினால்தான் முரண்பாடு நிரூபணமாகும். விதைப்பது ஒரு நாள், அறுப்பது வேறொரு நாள்.

அடுத்த கேள்வி, நின்ற இடத்துக்கும் சம்பவ இடத்துக்கும் தூரம். “அறுபதடி இருக்கும்.” இன்ஸ்பெக்டர் போட்ட மாதிரி வரைபடத்தில் தெருவிளக்கு எதுவும் காட்டப்படவில்லை. பக்கத்திலிருந்த ஜூனியர் பெண் ஒரு துண்டுச் சீட்டை நகர்த்தினார். சீனியர் அதைப் பார்த்தார், மடித்தார், கோட்டுப் பைக்குள் போட்டார். இன்னும் இரண்டு கேள்விகள். “வேற இல்லைங்க யுவர் ஹானர்.” உட்கார்ந்துவிட்டார்.

சீட்டில் இருந்தது, ‘இருட்டில் எப்படி அடையாளம் தெரிந்தது?’ என்ற கேள்வி. மதியம் டீக்கடையில் அதை மேஜைமேல் விரித்து வைத்தார். “இதைக் கேட்டிருந்தா, மொபைல் டார்ச் அடிச்சேன்னு சொல்லியிருப்பான். இல்லாத வெளிச்சத்தை நானே கொடுத்த மாதிரி ஆயிருக்கும்.” ஜூனியர் தலையாட்டினார். அவர் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

ஜூனியர்களின் வருமானம் தனிக் கதை. பயிற்சி வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வழிசெய்யும்படி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. இந்த அலுவலகத்தில் எவ்வளவு என்று கேட்டேன். சீனியர் டீ கிளாஸைப் பார்த்தார். ஜூனியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சீனியருக்கும் ஃபீஸ் தவணையில்தான் வருகிறது, பாதி நேரம் அடகுக் கடை ரசீது வழியாக.

‘கொலைகாரனுக்காக எப்படி வாதாடுகிறீர்கள்?’ என்ற கேள்வியை நானும் கேட்டேன். அதற்கு அவர் தத்துவம் பேசவில்லை, கோவையைச் சொன்னார். வக்கீல்களோடு நடந்த மோதல் தொடர்பான வழக்கில் போலீஸ்காரர்களுக்கு ஆஜராக மாட்டோம் என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 டிசம்பரில் வந்த தீர்ப்பு, இப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாமே செல்லாது என்றது. “நாளைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தாலும் நான் கட்டை வாங்கித்தான் ஆகணும். வந்திருக்காங்க” என்றார்.

மாலையில் மரத்தடியில் ஒரு வயதான பெண் காத்திருந்தார். இரண்டாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் தாய். மகனுக்காக நாள் முழுக்கக் கோர்ட்டின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர். 1952இல் வந்த பராசக்தி முதல் நம் படங்கள் காட்டியிருக்கும் கோர்ட் வேறு. அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பவனே ஊரையே கேள்வி கேட்பான். இங்கே மகனின் வக்கீல் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை.

“என்ன சார், நாலு கேள்விதான் கேட்டீங்க. இன்னும் கொஞ்சம் சத்தமாக் கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டாச்சும்மா. போய்ச் சாப்பிடுங்க.”

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. குமாஸ்தா கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டு, மேலட்டையில் அடுத்த வாய்தாத் தேதியை எழுதினார். பக்கத்திலேயே சிறிய எழுத்தில், ‘டாக்டர்’.