நிறைந்த தோம்பும் குறைந்த மின்கலமும்



டிசம்பர் பள்ளி விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு அமெரிக்காவில் வாழும் தம்பியின் வீட்டுக்குச் சென்று திரும்பியதிலிருந்து, சக ஆசிரியர்களும் பெற்றோர் சிலரும் பயணக் கட்டுரை எங்கே என்று கேட்டவண்ணம் உள்ளனர். கிராண்ட் கேன்யனைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி எழுதப் பலர் உளர். நான் எழுத விரும்புவது, அரிசோனா பாலைவனத்தில் மின் இணைப்பே இல்லாத ஓரிடத்தில் நாங்கள் ஐவரும் கழித்த ஐந்து இரவுகளைப் பற்றி. இன்னும் குறிப்பாகச் சொன்னால், இரண்டு எரிவாயுத் தோம்புகளையும் இரண்டு மின்கலங்களையும் பற்றி.

தம்பி பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவன். அந்தத் தொழிலே அவனை ஃபீனிக்ஸ் நகருக்குக் கொண்டு சென்றது. அங்கே அவன் ஒரு டிரெய்லர் வைத்திருக்கிறான். காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு அது. 24 அடி நீளத்துக்குள் கட்டில்கள், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை, வெப்பமூட்டி எல்லாம் அடங்கியிருந்தன. ஃபீனிக்ஸிலிருந்து மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சென்றால் குவார்ட்சைட் என்னும் சிற்றூர் வரும். அதன் அருகே லா போசா என்ற பரந்த அரசு நிலம் உள்ளது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, கட்டணம் செலுத்தி அங்கே நீண்ட நாள் தங்கலாம். வடக்கின் பனிக்கு அஞ்சி வரும் முதியோர் மாதக்கணக்கில் தங்குவர். குடிநீர் எடுக்கவும் கழிவுநீரைக் கொட்டவும் இடம் உண்டு. மின் இணைப்பு மட்டும் எவருக்கும் இல்லை. கொண்டுபோனதும் சூரியன் தருவதும்தான்.

பாலைவனம் என்றதும் வெயிலைத்தான் நம் மாணவர்கள் நினைப்பார்கள். டிசம்பரில் அங்கே பகல் இதமாக இருக்கிறது. இரவிலோ 5 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஈரப்பதமில்லாத காற்றும் மேகமில்லா வானமும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் தங்கவிடுவதில்லை.

அம்மாவுக்கு 76 வயது. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் உண்டு. முகமூடி வழியாகக் காற்றை மெல்ல அழுத்திச் செலுத்தும் சிபேப் கருவி இல்லாமல் அவர் உறங்கக்கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. அக்கருவிக்கு இரவு முழுவதும் மின்சாரம் வேண்டும். எனவே எங்கள் மின்கணக்கு பொழுதுபோக்கன்று.

முதலில் எரிவாயு. நம் வீட்டுச் சமையல் தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அங்கே டிரெய்லர்களுக்கு நிரப்பித் தருவது பெரும்பாலும் புரோப்பேன். காரணம் குளிர்தான். பியூட்டேன் உறைநிலையை ஒட்டிய குளிரிலேயே ஆவியாக மறுத்துத் திரவமாய்த் தோம்புக்குள் தங்கிவிடும். புரோப்பேனின் கொதிநிலை −42 பாகை. எந்தப் பாலைவனக் குளிரும் அதைத் தடுக்காது. அறிவியல் பாடத்தில் கொதிநிலை என்றாலே கேத்தலில் கொதிக்கும் நீரைத்தான் நாம் காட்டுகிறோம். உறைய வைக்கும் குளிரிலும் ஒரு பொருள் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதை மாணவருக்கு உணர்த்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு தோம்பிலும் 20 பவுண்டு, அதாவது 9 கிலோ வாயு. மீதம் எவ்வளவு என்பதை அறிய அழுத்தமானி உதவாது. உள்ளே ஒரு கரண்டி திரவம் எஞ்சியிருக்கும் வரை, அழுத்தம் அன்றைய வெப்பநிலையைப் பொறுத்தே நிற்கும், அளவைப் பொறுத்தன்று. திரவம் தீர்ந்த பிறகுதான் முள் சரியும். அப்போது அறிந்து என்ன பயன்? ஆகவே தம்பி தராசில் நிறுத்துப் பார்க்கிறான். வெறுந்தோம்பின் எடை அதன் கழுத்துப் பட்டையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 17 பவுண்டு. மொத்த எடையில் அதைக் கழித்தால் மீதி வாயு. அம்மாவின் முறை வேறு. தோம்பின் பக்கவாட்டில் சுடுநீரை ஊற்றிவிட்டு, மேலிருந்து கீழாகக் கையால் தடவிப் பார்த்தார். எந்த இடத்தில் சட்டென்று சில்லிடுகிறதோ அதுவரை திரவம். தராசும் அம்மாவின் கையும் ஏறக்குறைய ஒத்துப்போயின!

ஒரு தோம்பு தீர்ந்தால் தானாக மற்றதற்கு மாற்றிவிடும் கருவி அங்கே பொருத்தப்பட்டிருந்தது. தம்பி இரண்டாம் தோம்பின் திருகை மூடியே வைத்திருந்தான். தானாக மாறிவிட்டால் முதலாவது தீர்ந்தது நமக்குத் தெரியாமலே போய்விடும். இரண்டும் தீர்ந்த பிறகே விழிப்போம் என்பது அவன் வாதம். நியாயமான வாதம்தான்.

குளிர்பதனப் பெட்டியும் எரிவாயுவில் ஓடுகிறது. சிறு சுடர் ஒன்று அம்மோனியா கரைந்த நீரைச் சூடாக்க, பிரிந்து செல்லும் அம்மோனியா குளிர்ந்து திரவமாகி, மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. தீயால் குளிர் உண்டாவதை என் மருமகள் எனக்கு விளக்கினாள். தம்பி மகளான அவளுக்கு வயது 11. நாளுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான வாயு இதற்குப் போதும். சமையலுக்கு இன்னும் கொஞ்சம். பெருந்தீனி தின்பது வெப்பமூட்டிதான். மணிக்கு 25,000 பிடியு வெப்பம் தரும் அது, குளிரிரவில் பாதி நேரம் ஓடினாலும் 2.6 கிலோ வாயுவை எரித்துவிடும். ஐந்து இரவுக்கு 13 கிலோ. கையில் இருந்ததோ 18. எல்லாம் சேர்த்துச் சரியாகப் போதும் என்பது கணக்கு. போதாவிட்டாலும் குவார்ட்சைட் ஊருக்குள் நிரப்பிக்கொள்ளலாம். எரிவாயுவால் எங்களுக்குக் கவலை இல்லை.

இங்குதான் நான் எதிர்பாராத ஒரு முடிச்சு. வெப்பமூட்டியின் தீயை மூட்டுவதும், சூடான காற்றை அறைக்குள் தள்ளும் விசிறியைச் சுழற்றுவதும் மின்கலம். அந்த விசிறி 7 ஆம்பியர் இழுக்கிறது. இரவில் ஐந்து மணி நேரம் ஓடினால் 35 ஆம்பியர்-மணி. மின்கலம் சோர்ந்துவிட்டால் தோம்பு நிறைய வாயு இருந்தும் வெப்பம் வராது. குளிர்பதனப் பெட்டியின் சுடரைக் காக்கும் மின்பலகையும் அவ்வாறே அணைத்துவிடும். இரண்டு களஞ்சியங்கள் இருப்பதாகத் தோன்றினாலும், ஒன்றின் சாவி மற்றதனிடம் இருக்கிறது.

மின்கலங்கள் இரண்டும் ஈயவகை. தொடராக இணைத்து 12 வோல்ட்டில் 220 ஆம்பியர்-மணி. ஈயவகையைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் செலவிடத்தக்கது 110 மட்டுமே. கூரையில் 200 வாட் சூரியத் தகடுகள். நமக்கு நண்பகல் சூரியன் தலைக்கு மேல். அங்கே டிசம்பர் நடுப்பகலிலும் அது அடிவானத்திலிருந்து 33 பாகை உயரமே எழுகிறது. படுக்கைவசத்தில் கிடக்கும் தகடுகள் தெளிந்த நாளில் 40 ஆம்பியர்-மணி தந்தால் அதிகம். செலவோ வெப்பமூட்டிக்கு 35, அம்மாவின் கருவிக்கு 16, விளக்கு, நீரிறைப்பி, வாயுக்கசிவு உணர்த்தி முதலியவற்றுக்கு 12. ஆக 63. நாள்தோறும் 23 பற்றாக்குறை. சேமிப்பிலிருந்து ஈடுகட்ட வேண்டும். சிபேப் கருவியின் நீர்ச் சூடேற்றியை அணைத்துவிட்ட பிறகுதான் இந்த 16. அதைப் போட்டிருந்தால் இரண்டு மூன்று மடங்காகும்.

மின்சாரத்தால் வெப்பம் உண்டாக்குவது எத்துணை விலையுயர்ந்தது என்பதை வீட்டில் நாம் உணர்வதில்லை. 600 வாட் சோற்றுக் குக்கரை அரைமணி நேரம் அந்த மின்கலத்தில் ஓட்டினால் 25 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். ஒரு வேளைச் சோறு, அம்மாவின் ஒன்றரை இரவு மூச்சு. தம்பி மனைவி குக்கரை வீட்டிலேயே விட்டுவிட்டு, வடிக்கும் பானையுடன் வந்திருந்தார்.

இரண்டாம் நாள் இரவு மேகம் சூழ்ந்தது. மூன்றாம் நாள் முழுவதும் சூரியன் எட்டிப் பார்க்கவில்லை. தகடுகள் தந்தது 10 மட்டுமே. மாலை மின்கலக் கணக்குமானி 144 காட்டியது. வரவு செலவைக் குறித்துக்கொண்டே வரும் அந்தக் கருவி வங்கிப் புத்தகத்தைப் போன்றது. வோல்ட் அளவைப் போல, விளக்கைப் போட்டதும் தாழ்ந்து ஏமாற்றுவதில்லை. 144இல் 110ஐத் தொடக்கூடாது. கையிருப்பு 34. தேவை 63.

மருமகள் தாளில் கணக்கைப் போட்டுக் காட்டினாள். அம்மாவின் 16ஐ முதலில் எழுதிச் சுற்றி வட்டமிட்டிருந்தாள். மற்றவற்றை 8க்குள் அடக்கலாம். மிஞ்சுவது 10, வெப்பமூட்டி ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. தம்பி ஜெனரேட்டர் வைத்திருக்கவில்லை. கார் இயந்திரத்தை ஓட்டி ஏற்றலாம்; மெல்லிய கம்பி வழியே 10 ஆம்பியருக்குள்தான் வரும். அதைக் காலைக்கு வைத்துக்கொண்டான்.

அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். கூடவே கூடாது. மூடிய அறைக்குள் எரியும் தீ உயிர்வளியைக் குறைக்கும். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். உறங்குபவர் விழிப்பதில்லை. புரோப்பேன் கசிந்தாலோ, காற்றைவிடக் கனமானதால் தரையில் தேங்கும். அதனால்தான் கசிவு உணர்த்தியைக் காலடியில் பொருத்துகிறார்கள். அந்த உணர்த்தியும் மின்கலத்தை நம்பியே இருக்கிறது. எதை அணைத்தாலும் அதை அணைப்பதில்லை என்றான் தம்பி.

முடிவைச் சொன்னவர் அம்மா. "எனக்கு அந்த மெஷின் ஓடினாப் போதும்யா. குளிருக்குப் போர்வை இருக்கு. நீ சூட்டை அணைச்சிடு." பிறகு இன்னொன்றும் சொன்னார்: "அடுப்புலதான் கேஸ் இருக்கே, தண்ணியக் காய வை."

அடுப்புக்கு மின்சாரம் தேவையில்லை. சாளரத்தைச் சற்றுத் திறந்துவைத்து நீரைக் காய்ச்சினோம். இறுக மூடும் குப்பிகளில் ஊற்றி, துணியால் சுற்றி, ஒவ்வொருவர் போர்வைக்குள்ளும் இரண்டு இரண்டாக வைத்தோம். அடுப்பை அணைத்துத் திருகையும் மூடினோம். அறை முழுவதையும் சூடாக்கும் வேலையை விட்டுவிட்டு, உடம்பை மட்டும் சூடாக வைத்துக்கொண்டோம். எரிவாயுவின் வெப்பம் விசிறியின் தயவின்றியே வந்து சேர்ந்தது.

அந்த நிலத்தில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். பத்து மணிக்குச் சுற்றிலும் இருந்த ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. "தோட்டத்துல இஞ்சின் நின்ன மாதிரியே இருக்கு," என்றார் அம்மா இருட்டில். எங்கள் தோட்டத்து லயங்களுக்கு மாலையில் வரும் விளக்கு இரவு பத்துக்கு அணைந்துவிடும். அதற்குள் நாங்கள் வீட்டுப்பாடத்தை முடித்தாக வேண்டும். அம்மா மறுநாள் வெட்டுக்குப் போகும் துணியை எடுத்து வைத்தாக வேண்டும். அணைந்த பிறகு தேவைப்படுவது எதுவோ அதற்கு மட்டும் மண்ணெண்ணெய். எங்களுள் மிகக் குறைவாகக் கலங்கியவர் அவர்தான் என்பதில் வியப்பில்லை.

நான் நெடுநேரம் உறங்கவில்லை. கருவியின் மெல்லிய மூச்சொலியைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். விடியுமுன் தம்பி எழுந்து வெப்பமூட்டியை ஒரு மணி நேரம் ஓடவிட்டான். அதற்குமுன் அறையின் வெப்பநிலை 9 பாகை. கணக்குமானி 113இல் நின்றது. பாதிக்கு 3 மேல். அம்மா எழுந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டுத் தேநீர் கேட்டார். எட்டு மணிக்குப் பிறகு மேகம் விலகியது. தகடுகளைத் தம்பி தூசு போகத் துடைத்தான். அவ்வளவு அக்கறையுடன் அவன் புத்தகத்தைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

இந்த ஆண்டு கணிதத்தில் கழித்தல் சிக்கல் கணக்குக்கு ஆரஞ்சுப் பழங்களை விட்டுவிட்டு 144ஐயும் 110ஐயும் கொடுத்துப் பார்க்க எண்ணியிருக்கிறேன். எதை முதலில் வட்டமிடுவது என்பதையும் மாணவர்களே சொல்லட்டும். மற்ற ஆசிரியர்கள் விரும்பினால் மேலே உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தம்பி இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்துக்கு மாறப்போவதாகச் சொல்கிறான். அதில் பாதிக்குக் கீழேயும் தயக்கமின்றி இறங்கலாம், எடையும் குறைவு. ஆனால் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அதற்கு மின்னேற்றக்கூடாதாம். ஆகவே அதை டிரெய்லருக்கு வெளியே இழுவைத் தண்டின்மீது வைக்காமல், அம்மாவின் கட்டிலுக்கு அடியில் பொருத்த இடம் அளந்துகொண்டிருக்கிறான்.