தூர்வாரிய மணலில் முதல் பங்கு யாருக்கு?

கடம்பத்தூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கூடினால் பேச்சு மணலில்தான் போய் நிற்கும். ஆற்று மணல் எட்டாக்கனியாகி, எம்-சாண்ட் லாரிகள் வரத் தொடங்கிய பிறகு ஒரு யோசனையும் அடிபடுகிறது: “துறைமுகத்துல தூர்வாரி மறுபடி கடல்லயே கொட்டுறாங்களாம். அதை இங்க கொண்டுவந்தா என்ன?” எங்கள் கொத்தனார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “உப்பு சார். கம்பியைத் தின்னுடும்.” அப்படியானால் அந்த மண் எதற்குத்தான் உதவும், எங்கிருந்துதான் வருகிறது என்று தேடத் தொடங்கினேன்.

தேடல் முதலில் கொச்சிக்குக் கொண்டுபோனது. சென்னை மாகாண ஆளுநராக வில்லிங்டன் பிரபு இருந்தபோது, 1920-இல் அங்கே வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த மணல்திட்டை வெட்டிக் கப்பல் வழி அமைத்தார். தோண்டிய மண்ணைக் காயலில் கொட்டி ஒரு தீவையே எழுப்பினார்கள். இன்றைய வில்லிங்டன் தீவு அதுதான். துறைமுகமும் ரயில் நிலையமும் அந்த மண்ணின் மேல்தான் எழுந்தன.

கொத்தனாரின் உப்புக்கு இலங்கையில் விடை இருந்தது. கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெலவில், கடலடியிலிருந்து உறிஞ்சிய மணலைக் குவித்து மழையில் கழுவவிட்டு, பிறகு கட்டுமானத்துக்கு விற்கிறார்கள். அது துறைமுகத்துத் தூர் அல்ல, மணலுக்காகவே எடுத்தது. ஆனாலும் உப்பைப் போக்கும் வழி ஒன்றுதான். குளோரைடு அளவைச் சோதிக்காமல் கம்பி கட்டிய கான்கிரீட்டில் மட்டும் சேர்க்கக் கூடாது.

சரி, சென்னைத் துறைமுகத்தை நெருக்கும் மணல் யாருடையது? இங்கேதான் தேடல் திசை மாறியது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் ஓட்டம் திரும்பும். 1870-களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகச் சுவர்கள் அந்தப் பயணத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் அரித்தது. கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். எங்கள் ஊர்ப் பக்கமாக ஓடிப்போகும் கூவத்தின் முகத்துவாரம் அடிக்கடி மணலால் அடைபடுவதற்கும் இதே மணலோட்டம்தான் காரணம்.

ஆக, நாம் தூர் என்று சொல்வதில் ஒரு பங்கு, வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல். விசாகப்பட்டினத்தில் இதைப் புரிந்துகொண்டு, துறைமுகத்தருகே சேரும் மணலைத் தோண்டி, அரிப்புக்குள்ளாகும் ராமகிருஷ்ணா கடற்கரைக்கே குழாய் வழியாகத் தள்ளுகிறார்கள். நெதர்லாந்தில் 2011-இல் சுமார் 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கரையோரம் ஒரே இடத்தில் குவித்து, பரப்பும் வேலையை அலைகளிடமே விட்டார்கள்.

எல்லாத் தூரும் மணலல்ல. கப்பல் நிற்கும் தளங்களில் படிவது பெரும்பாலும் சேறு. அதில் எண்ணெயும் உலோகங்களும் கலந்திருக்கலாம். அதைக் கரையில் கொட்டினால் மீனவர்களுக்குத்தான் கேடு. சோதித்துப் பார்த்து, தகுதியுள்ளதைத் தாழ்நிலம் மேடாக்கவோ செங்கலுக்கோ எடுக்கலாம்.

டீக்கடையில் அந்த யோசனை மறுபடி வந்தால் சொல்ல இப்போது என்னிடம் ஒரு வரிசை இருக்கிறது. நல்ல மணலில் முதல் பங்கு வடசென்னைக் கரைக்கு. அதற்குப் போக மிஞ்சியதைக் கழுவி எடுத்தால், கடம்பத்தூர் வீடுகளும் கேட்கலாம்.