பத்து மாதக் கணக்கு

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வருகிறவர்களில் பலர் பல்லக்குகளையும் அரசர்களின் படங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பள்ளியறைச் சுவர்களின் முன் பொறுமையாக நிற்கிறவர்கள் சிலரே. 1555ஆம் ஆண்டை ஒட்டிப் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த மாளிகை அது. பின்னால் டச்சுக்காரர் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் வண்ணங்களாய் விரிகிறது. தசரதன் பிள்ளை வேண்டி வேள்வி செய்கிறான். அரசியர் பிள்ளை பெறுகிறார்கள்.

எங்கள் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து இங்குள்ள மிளகு மண்டிக்கு வேலைக்கு வந்தவர். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரிதான் எங்கள் ஊர். ஆகவே அந்தச் சுவர் எனக்குப் புதியதன்று. ஆனால், ஒரு நாள் என் அண்ணி அதன்முன் நின்று சொன்ன சொல்தான் என்னை எண்ண வைத்தது.

"பாயசம் குடிச்சாங்க, பிள்ளை பிறந்துட்டுது. நடுவுல பத்து மாசம் என்ன நடந்ததுன்னு யாரும் வரையலையே, தம்பி!"

அண்ணி சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்புதான், ஒன்பதாவது வாரத்தில், அவருடைய முதற்கரு கலைந்திருந்தது.

அன்று எங்கள் வீட்டில் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. அண்ணி அறையில் படுத்திருந்தார். அம்மா அடுக்களையிலிருந்து அவர் காதில் விழும்படியே பேசினாள். "குழாயடியிலேருந்து குடத்தைத் தூக்கிட்டு வராதேன்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டாளா?" அண்ணன் தலை குனிந்து நின்றான். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். நானோ விலங்கியல் மாணவன்! கோழிக் கருவின் முப்பத்துமூன்று மணி நேரத் தகட்டை நுண்ணோக்கியில் வைத்து, நரம்புக் குழலையும் இதயத்தின் தொடக்கத்தையும் பிழையில்லாமல் வரைந்து மதிப்பெண் வாங்கியவன். தேர்வுத்தாளில் எழுதத் தெரிந்ததை வீட்டில் சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்ட படிப்பால் யாருக்கு என்ன பயன்?

அரண்மனையிலிருந்து திரும்பிய அன்றிரவு பாடநூலை மறுபடி எடுத்தேன். இம்முறை தேர்வுக்காக அன்று, அண்ணிக்காக.

பத்து மாதம் என்று நம் முன்னோர் சொன்ன கணக்கு வெறும் பேச்சன்று. இருபத்தெட்டு நாள் கொண்ட மாதம் பத்து என்றால் 280 நாள். மருத்துவர்கள் சொல்லும் நாற்பது வாரமும் அதே 280 நாள்தான். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், கரு உண்டாவதற்கு முந்திய இரண்டு வாரமும் அதில் சேர்ந்திருக்கிறது. உண்மையில் பிள்ளை வளர்வது ஏறத்தாழ 266 நாள்.

அந்த 266 நாளில் எது எப்போது நடக்கிறது என்று பாருங்கள். கருக்குழாயில் உயிர்பெற்ற ஒற்றை அணு இரண்டாகி, நான்காகி, பிரிந்து பெருகிக்கொண்டே நகர்ந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் கருப்பைச் சுவரில் பதிகிறது. இருபத்திரண்டாம் நாள் அளவில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. பின்னால் மூளையும் முதுகுத்தண்டு நரம்புமாக வளரப்போகும் நரம்புக் குழல் இருபத்தெட்டாம் நாள் அளவில் மூடிவிடுகிறது. அதாவது, தாய்க்கு நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம் ஆகியிருக்கும் வேளை. பல பெண்களுக்கு ஐயம் மட்டுமே தோன்றியிருக்கும். வீட்டாருக்கு ஒன்றுமே தெரியாது. எட்டு வாரம் முடியும்போது முக்கிய உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டாகிவிட்டது. பிள்ளையின் நீளமோ ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர்!

பிறகு நடப்பதெல்லாம் பெரும்பாலும் வளர்ச்சியும் முதிர்ச்சியும். மருத்துவர் கணக்கில் இருபதாம் வாரத்தை ஒட்டித் தாய் முதல் அசைவை உணர்கிறாள். அப்போது பிள்ளையின் எடை ஏறத்தாழ முந்நூறு கிராம். இருபத்தெட்டாம் வாரத்தில் ஒரு கிலோ. மூச்சுப்பை கடைசி வாரங்கள் வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. எட்டாம் மாதப் பிள்ளையைவிட ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும் என்று பாட்டிமார் சொல்வது சரியன்று. உள்ளே தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்.

நாம் எப்போது தாயைக் கவனிக்கிறோம்? ஏழாம் மாதம். நமக்கு வளைகாப்பு, அண்டை வீட்டு மலையாளிகளுக்குப் புளிகுடி. இரண்டும் நல்ல சடங்குகளே. ஏழாம் மாதத்தில் பிள்ளைக்குக் காதும் கேட்கும், வளையோசை வீணாவதில்லை. ஆனால் அடித்தளம் போட்ட வாரங்களில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஃபோலிக் அமிலம் என்னும் ஊட்டச்சத்து நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், கரு உண்டாகும் முன்பிருந்தே கிடைத்தால், நரம்புக் குழல் மூடாமல் போகும் குறை பெரிதும் குறையும். அக்குறையோடு ஒரு பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இதைவிடக் கூடுதலான அளவு கொடுத்துப் பார்த்ததில், அது மறுபடி வருவது நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு குறைந்ததென்று 1991இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. சின்னஞ்சிறு மாத்திரைதான், ஆனால் வளைகாப்பன்று கொடுத்தால் இந்தப் பலன் இல்லை.

இன்னொன்றும் படித்தேன். அதுவே என்னைச் சுட்டது. உறுதியான கருக்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தாமாகவே கலைந்துபோகின்றன. பெரும்பாலும் முதல் பன்னிரண்டு வாரத்துக்குள். அவற்றில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிழை. முதல் அணு உண்டானபோதே நேர்ந்துவிடும் அந்தப் பிழைக்குக் குடம் என்ன செய்யும்? படி ஏறுவதோ, அன்றாட வீட்டு வேலையோ கருவைக் கலைப்பதில்லை. திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் கருவில் கழிந்த மாதங்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றிலும் ஓர் இடரிலிருந்து தப்பியதாகப் பாடுகிறார். அந்த இடர்களுக்காகத் தாயின் மேல் அவர் பழி போடவில்லை. நாம்தான் போடுகிறோம்.

கேரளத்தில் 2020ஆம் ஆண்டு, பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஓராண்டுக்குள் இறந்தவர் ஆறு பேர். இந்தியா முழுவதற்கும் அது இருபத்தெட்டு. பெருமைப்படத்தக்க கணக்குத்தான். ஆனால் பிறக்காமலே போன பிள்ளைக்காக ஒரு பெண் சுமக்கும் பழி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லையே!

அண்ணி மறுபடி கருவுற்றபோது அண்ணன் மண்டியில் சரக்கு ஏற்றும் நாளாக இருந்ததால், ஸ்கேன் எடுக்க அம்மாவும் நானும் உடன் போனோம். பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்லப்படாது என்ற பலகை வாசலில் தொங்கியது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஒலி அலையால் கருவைப் பார்க்கும் இந்த முறையை 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மருத்துவர் உலகுக்கு அறிவித்தார். அதன் பயனால் அன்று அம்மா திரையில் ஒரு சிறு மினுக்கத்தைக் கண்டாள். "பேடிக்கண்டா மோளே, ஹார்ட் நன்னாயிட்டுண்டு" என்றார் மருத்துவர். அண்ணியின் கண்ணில் நீர். அம்மா ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை திண்ணையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நான் படித்ததையெல்லாம் சொன்னேன். குரோமோசோமை எப்படிச் சொல்வது? "மாவு அரைக்கிறப்பவே அளவு தப்பிப்போச்சுன்னா, தோசை ஊத்துறவளைக் குத்தம் சொல்லலாமா அம்மா?" என்றேன். திட்டுவாள் என்றே எதிர்பார்த்தேன். அம்மா நெடுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அண்ணனுக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு போச்சுடா. கிணத்துல தண்ணி இறைச்சதாலதான்னு உங்க பாட்டி சொன்னா. இத்தனை வருஷமா நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்."

எனக்குப் பேச்சு எழவில்லை. அம்மா அண்ணியின் மேல் வீசிய சொல், முப்பது ஆண்டுகளாக அவள் தன் நெஞ்சிலேயே தைத்து வைத்திருந்த முள். பாட்டியின் நெஞ்சில் அதைத் தைத்தவர் யாரோ!

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. பாலக்காட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். எல்லாரும் போன பிறகு அம்மா அண்ணியின் கையைப் பிடித்து, "போன தடவை உன் பேர்ல ஒரு தப்பும் இல்லடி" என்றாள். "சரி, அத்தை" என்றார் அண்ணி. அவ்வளவுதான். முப்பத்தொன்பதாம் வாரத்தில் இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம் எடையில் பெண் பிறந்தாள்.

நண்பர்களே, நம்மில் பலர் உயிரியல் படிக்கிறோம். படிக்காதவர்க்கும் தாயும் தமக்கையும் அண்ணியும் இருக்கிறார்கள். நரம்புக் குழல் எந்த நாளில் மூடுகிறது என்று தேர்வில் எழுதுவதோடு நின்றுவிட வேண்டாம். திருமணமான தமக்கைக்கு அந்த மாத்திரையைப் பற்றி இன்றே எழுதுங்கள். எங்காவது ஓர் அடுக்களையில் ஒரு பெண்ணின் மேல் பழி விழும்போது, என்னைப்போல் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளாதீர்கள்.