‘டொக்’ என்பதன் பொருள்

ஒலிக்குறிப்புச் சொற்கள் தமிழ் ஆய்வுலகுக்குப் புதியவை அல்ல. உரிச்சொல்லை இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றின் அடியாகத் தோன்றுவதாகத் தொல்காப்பியம் வகுத்தது. இத்தகைய சொற்கள் திராவிட, இந்தோ-ஆரிய மொழிகளுக்குப் பொதுவான வட்டாரக் கூறு என்று எமனோ 1969இல் எழுதினார். ஆயினும் வகுப்பறையில் இவற்றைக் கவிதைக்கும் குழந்தைப் பேச்சுக்கும் உரியவையாகவே பெரும்பாலும் கற்பிக்கிறோம். இவை ஒரு தொழிலின் நோயறி கருவிகளும் ஆகும் என்பதைச் சென்ற மாதம் பொன்முடியில், மாமாவின் ஜிப்சி வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது கண்டேன்.

மாமா கல்லாரிலிருந்து மலைமேல் வாடகைக்கு ஓட்டுபவர். தோட்ட லயங்களில் எவருக்கேனும் உடல்நலம் கெட்டால், 22 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து விதுராவுக்கு இறங்குவது பெரும்பாலும் அவ்வண்டியில்தான். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அதன் அடியில் ஓர் இடி கேட்டது. நகரத்துப் பணிமனை ஒன்று டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றச் சொன்னது. அது அவருடைய பல மாத வருமானம். மாமா ஒப்பவில்லை.

“மக்கா, பல்லு போயிருந்தா கொய்ங்னு அழும். பேரிங்குன்னா கொர்ர்னு வேகத்தோட கூடும். இது ஒத்தைக்கு டொக்குனு நிக்குது. வயித்துவலி இல்ல, மூட்டுவலி.”

மூன்று சொற்கள், மூன்று பழுதுகள். மெல்லினத்தில் இழைவதும் ரகரத்தில் நீள்வதும் தொடரும் ஓசைகள். வல்லினத்தில் முடிவது ஒருமுறை மோதி ஓய்வது. காலஅளவை ஈற்றொலியே சொல்லிவிடுகிறது.

அவர் சொன்னதற்கு வண்டியின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. 1985இல் இந்தியாவில் அறிமுகமான ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸோடு ஒட்டியிராது. இடையில் ஒரு குட்டைத் தண்டு உண்டு. பெட்டி, ரப்பர் தாங்கிகள் கொண்ட மூன்று கைகளால் சேஸிஸில் தொங்குகிறது. சக்கரங்களுக்கு விசை செல்லும்போது அதன் எதிர்விசை பெட்டியைத் திருக முயல்கிறது. அத்திருகலை வாங்கிக்கொள்வது ரப்பர் புஷ். மலைப்பாதையில் வளைவுதோறும் ஆக்சிலேட்டரை விட்டு மிதிப்பதால் திருகல் திசை மாறிக்கொண்டே இருக்கும். ரப்பர் வெடித்தபின் இரும்பு இரும்பை இடிக்கும். கடப்பாரையால் மெல்ல நெம்பியபோது பெட்டி ஒரு பக்கம் துள்ளியது. மாமாவின் காது சொன்னதைக் கண்ணும் ஒப்பியது.

வீட்டு முற்றத்தில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸை ஸ்டாண்டுகளில் ஏற்றினோம். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கலாகாது. பெட்டியின் கீழே பலகை வைத்து, மற்றொரு ஜாக்கியால் அதன் பாரத்தைத் தாங்கினோம். ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டுமே கழற்ற வேண்டும். இல்லையேல் பெட்டி சரிந்துவிடும். பழைய புஷ்ஷை வைஸில் வைத்து, பொருத்தமான சாக்கெட்டால் அழுத்தித் தள்ளினோம். துருவைச் சுரண்டிப் புதியதைச் சோப்புநீர் தடவி ஏற்றினோம். எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். போல்ட்டுகளைக் கையால் மட்டும் பூட்டி, ஜாக்கியை இறக்கிப் பெட்டி தன் இடத்தில் அமர்ந்தபின்பே இறுக்கினோம். முன்னரே இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். மறுநாள் உச்சிவரை ஏறியும் ‘டொக்’ கேட்கவில்லை.

கலைச்சொல்லாக்கம் என்றவுடன் நாம் பெயர்ச்சொற்களையே நாடுகிறோம். புஷ்ஷுக்கு நல்ல தமிழ்ச்சொல் தேவைதான். ஆனால் பணிமனைத் தமிழின் அறிவு பெயர்களில் மட்டும் இல்லை. பாகங்களின் பெயர்கள் அங்கே பெரும்பாலும் கடன்சொற்கள். பழுதைப் பிரித்தறியும் சொற்களோ முழுக்கத் தமிழ். ‘ஓர் ஒலிக்குறிப்பு’ என்று மட்டும் எழுதி நிறுத்தும் அகராதிப் பதிவில், எந்த ஓசை எந்தப் பழுதுக்குரியது என்னும் செய்தி விடுபட்டுப்போகிறது. மாமாவுக்கு வயது 60ஐக் கடந்துவிட்டது. அவரைப் போன்றோரின் செவியறிவு எழுதப்படாமலே போகக்கூடும்.

களப்பணிக்குச் செல்லும் நண்பர்கள், உங்கள் ஊர்ப் பணிமனையில் ஒரு மணிநேரம் ஒலிப்பதிவுக் கருவியோடு அமருங்கள். எந்த ஓசைக்கு என்ன பழுது என்று கேட்டு, கிடைத்த சொற்களை ஊர்ப்பெயரோடு இங்கே பின்னூட்டத்தில் இடுங்கள். தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன்.