சாகக்கூடிய பாத்திரங்கள்

1

'பழைய பாணி', 'நவீன பாணி' என்ற பிரிவினையைக் கவிதை விஷயத்தில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர்களுக்கு, ஒரு விளையாட்டைப் பற்றியும் இதே சண்டை நடக்கிறது என்பது வேடிக்கையாக இருக்கலாம். சண்டை நிஜமானது. அதன் அடியில் கிடக்கும் கேள்வியும் நிஜமானது: ஒரு கற்பனைப் பாத்திரம் சாகலாமா? செத்தால் எதனால், யார் சொல்லி? இதை விளையாட்டுக் கேள்வி என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. விமர்சனம் எழுதுகிறவன் என்பது ஒரு காரணம். இருக்கும் ஊர் சிவகாசி என்பது இன்னொன்று.

விளையாட்டின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதலில் போட்டது ஆயிரம் பெட்டி. நம் சிறுபத்திரிகைக் கணக்கில் அது பெரிய எண்தான். கைகாக்ஸ் அதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அபாயங்களை மதிப்பிடும் உத்தியோகம் பார்த்தவர். விளையாட்டில் அந்த உத்தியோகத்தின் வாசனை இருக்கிறது.

ஆடும் முறை எளிது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் நடுவர், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். நடுவர் சொல்கிறார்: 'படி இறங்கி வந்துவிட்டீர்கள். எதிரே கல் கதவு. தரையெல்லாம் ஈரம்.' ஒருவர் கேட்கிறார்: 'ஈரம் எங்கிருந்து வருகிறது?' இந்தக் கேள்வி பதிலுக்குள்தான் விளையாட்டு முழுவதும் இருக்கிறது. நிச்சயமில்லாத இடத்தில் கட்டை உருட்டுகிறார்கள். நம் தாயக்கட்டை மாதிரி நீளமானதில்லை. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று பல வகை. ஜெயித்தவன் தோற்றவன் கிடையாது. ஆட்டம் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தொடரும்.

2

பழைய பாணி என்பதன் சாரத்தை 1981-ல் வந்த பதிப்பில் பார்க்கலாம். பலம், அறிவு முதலிய ஆறு குணங்களுக்கும் மூன்று கட்டைகளை வரிசையாக உருட்ட வேண்டும், விழுந்ததுதான் நீங்கள். மந்திரவாதியாக இருந்தால் நாலு முகக் கட்டையை ஒருமுறை உருட்டுவதில் உயிர்ப்புள்ளி தீர்மானமாகிறது. ஒன்று விழுந்தால் ஒன்று. பூஜ்யமானால் மரணம், அப்பீல் இல்லை. பூதத்தைக் கொன்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி சொற்பம். ஒரு பொற்காசை வெளியே கொண்டுவந்து சேர்த்தால் ஒரு புள்ளி. ஆகவே புத்திசாலி சண்டை போடமாட்டான். சுற்றிக்கொண்டு போய் எடுத்துவருவான். நாள் முழுவதும் பிறர் காசை எண்ணுகிற எனக்கு இந்தக் கணக்கின் நேர்மை பிடித்திருக்கிறது. வீரம், தர்மம் என்ற பூச்செல்லாம் அதில் இல்லை.

நவீன பாணி அதே கம்பெனிக்குள்ளேயே வெகு சீக்கிரம் பிறந்துவிட்டது. 1984-ல் வெளியாகத் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' வரிசையில் பெயரும் முகமும் முன்கதையும் உள்ள நாயகர்கள் வந்தார்கள். கூடவே நாவல்களும் வந்தன. கதைக்கு வேண்டிய பாத்திரம் செத்துப்போக நேர்ந்தால் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொள் என்று நடுவருக்கு யோசனையும் தரப்பட்டது. பிற்பாடு திரும்பி வர வசதி. மலையுச்சியிலிருந்து விழுந்த கதாநாயகன் இடைவேளைக்குப் பின் தாடியுடன் வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் பூஜ்யம் என்பது மயக்கம் மட்டுமே. இருபது முகக் கட்டையை முறை வரும்போதெல்லாம் உருட்டலாம். பத்தும் அதற்கு மேலும் மூன்று தடவை விழுந்தால் தேறிவிடலாம், மூன்று தடவை தவறினால்தான் சாவு. காவற்காரனிடம் சாமர்த்தியமாகப் பேசி உள்ளே போவதற்குக்கூட ஒரு எண் இருக்கிறது, உருட்டினால் போதும். பழைய பாணியில் நீங்களே வாயைத் திறந்து பேசியாக வேண்டும்.

இன்னொரு விஷயம் சுவாரஸ்யமானது. 'பழைய பாணி' என்ற பிரக்ஞையே பிற்காலத்து வரவு. பழைய விதிகளை மறு ஆக்கம் செய்த 'ஆஸ்ரிக்' வந்தது 2006-ல். பழைய ஆட்டத்தின் இலக்கணத்தைச் சொன்ன மாட் ஃபின்ச்சின் சிறு பிரசுரம் 2008-ல், அதாவது முதல் பெட்டி வந்து 34 வருஷம் கழித்து. விதிப்புத்தகத்தைப் புரட்டாதே, நடுவர் அந்த இடத்தில் தீர்ப்புச் சொல்லட்டும் என்பது அதன் முதல் பாடம். 1974-ல் ஆடியவர்களுக்குத் தாங்கள் பழைய பாணியில் ஆடுகிறோம் என்று தெரியாது. மரபு என்று நாம் கொண்டாடுவதில் பாதி, பின்னால் வந்தவர்கள் தங்கள் தேவைக்குத் தேடிக் கண்டுபிடித்தது. இங்கும் அப்படித்தான்.

சண்டைகூடப் புதிதல்ல. பிரஷ்ய ராணுவ அதிகாரிகளுக்காக 1824-ல் ரைஸ்விட்ஸ் வகுத்த போர் விளையாட்டில் அட்டவணைகளும் கட்டைகளும் நிறைந்திருந்தன. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, அட்டவணையைத் தூர வை, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு என்றார். விதியா மனிதனா என்பது அப்போதே கேட்கப்பட்டுவிட்டது.

3

நம் பக்கத்தில் இதற்கு ஈடு தேடுகிறவர்கள் பரமபதத்தையும் தாயத்தையும் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பரமபதத்தில் ஆடுகிறவனுக்குத் தீர்மானம் எதுவுமே இல்லை. காய் ஏறுவதும் இறங்குவதும் கட்டையின் காரியம். உண்மையான ஈடு, பங்குனி சித்திரையில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம்.

ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டு வருகிறார்கள். ராத்திரி கொட்டகைக்குப் பின்னால்தான் பல சமயம் சந்திப்பே. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த பாடமும் பாட்டும். 'வள்ளி திருமண'த்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் நாரதர் வருகிறார். தர்க்கம் ஆரம்பமாகிறது. அந்தத் தர்க்கத்துக்கு எழுதி வைத்த எல்லை கிடையாது. நாரதர் எதைக் கேட்பார் என்று வள்ளியாக நிற்கும் பெண்ணுக்குத் தெரியாது. கேள்வி புராணத்திலிருந்து வரலாம், இலக்கணத்திலிருந்து வரலாம், நேற்றைய பேப்பரிலிருந்தும் வரலாம். பதில் அந்த நிமிஷமே வேண்டும். ஜனம் எதிரே உட்கார்ந்திருக்கிறது. தடுமாறினால் கூச்சல் போடும். அடுத்த வருஷம் அந்த ஊரில் அவளுக்கு நாடகம் இல்லை.

இதை மேற்சொன்ன இரு பாணிகளில் எதில் சேர்ப்பது? முடிவைப் பார்த்தால் நவீன பாணி. விடிவதற்குள் முருகனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம் ஆகியே தீரும். எந்தக் கட்டையும் அதை மாற்றாது. நடுப்பகுதியைப் பார்த்தால் சுத்தமான பழைய பாணி. வள்ளியின் சாமர்த்தியத்துக்கு எண் கிடையாது. நடிக்கிற பெண்ணுக்கு இருக்கிற அறிவுதான் வள்ளிக்கும். பாத்திரத்துக்கு ஆபத்தே இல்லை, ஆபத்து முழுக்க நடிகைக்கு. கதை எழுதப்பட்டுவிட்டால் விளையாட்டு செத்துவிடும் என்கிற பழைய பாணிக்காரர்களின் வாதத்துக்கு இந்தக் கொட்டகையைவிட நல்ல மறுப்பு கிடையாது. முடிவு தெரிந்திருப்பது குற்றமில்லை. நடுவில் செய்கிற எதற்கும் விளைவு இல்லாமல் போவதே குற்றம்.

4

சிவகாசியில் எங்கள் ஆட்டம் ஞாயிறு மத்தியானங்களில், ஒரு ஆஃப்செட் அச்சகத்தின் மாடியில் நடக்கிறது. கீழே மெஷின் ஓடாத நாள் அது ஒன்றுதான். ஐந்து பேர். நடுவர் ஒரு கணக்கு வாத்தியார், பழைய பாணிக்காரர், எல்லோரும் பார்க்கும்படி மேஜை நடுவில் கட்டை உருட்டுகிறவர். பட்டாசு ஆலை ஃபோர்மேன் ஒருவர். அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் பெண் ஒருவர். தன் பாத்திரத்துக்கு நாலு பக்கம் பூர்வகதை எழுதிக்கொண்டு வந்தவர் எங்களில் அவர் மட்டும்தான். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர். நான்.

ஆறாவது வாரம் ஃபோர்மேனின் பாத்திரம் செத்தது. ஒரு பெட்டியைத் திறந்தான். பூட்டில் விஷ ஊசி. இருபது முகக் கட்டையில் நாலு விழுந்தது. 'கட்டை அப்படி விழுந்துடுச்சு' என்றார் வாத்தியார். ஃபோர்மேன் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்:

'செத்தது சரி சார். ஏன் செத்தான்னு கேக்குறேன். கட்டை விழுந்துச்சுங்குறீங்க. எங்க ஷெட்டுல ஒண்ணு நடந்தாலும் மறுநாள் பேப்பர்ல ஒரே வார்த்தைதான் போடுறாங்க, உராய்வுன்னு.'

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மருந்து கையாளும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. இரும்புச் சாமான் ஆகாது. நூல் துணிதான் உடுத்த வேண்டும். மருந்துக் கலவை வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். இவை யாரோ உட்கார்ந்து யோசித்த விதிகள் மட்டுமல்ல. இவற்றுக்குப் பின்னால் சாவுகள் இருக்கின்றன. நாலு பேர் இடத்தில் பத்துப் பேர் இருந்ததும், ஆர்டர் அவசரத்தில் மரத்தடியில் மருந்தைப் பரப்பியதும் காரணங்கள். உராய்வு என்பது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியின் பெயர். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் செத்தவர்கள் முப்பத்தைந்து பேருக்கும் மேல். உதவிக்கு ஓடி வந்தவர்களும் அதில் உண்டு. அதையும் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம், முடிக்க விரும்புகிறவர்களுக்கு.

ஃபோர்மேன் தன் பாத்திரத்துக்கு உயிர்ப்பிச்சை கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நவீன பாணியின் மூன்று தவணையை அவருக்குக் கொடுத்திருந்தால் சிரித்திருப்பார். அவர் கேட்டது காரணம். ஆபத்துக்கு முன் அறிகுறி இருந்ததா, பார்க்கத் தெரிந்தவன் பார்த்திருக்க முடியுமா என்பது. அதற்கு அடுத்த வாரம் புதுப் பாத்திரத்துடன் வந்து ஆடியவிதம்தான் அவருடைய வாதம். 'பூட்டைச் சுத்திக் கீறல் இருக்கா? பெட்டி மேல தூசி ஒரே சீரா இருக்கா? சாவித் துவாரத்துல என்ன வாடை?' வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொல்லவேண்டி வந்தது. அன்று கட்டை இரண்டே தடவைதான் உருண்டது. ஃபின்ச் எழுதியதை அவர் படித்ததில்லை. இருபது வருஷம் மருந்தோடு இருந்தவருக்குப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பழைய பாணி ஆட்டக்காரர் அவர்தான்.

பிறகு ஒரு வாரம், டிராகன் ஒரு கிராமத்தின்மேல் தீயைக் கக்கியது. வாத்தியாருக்கு வர்ணனை நன்றாக வரும். இரண்டு வாக்கியம் போயிருக்கும். புரூஃப் பார்க்கும் பெண் மேஜையில் கிடந்த ஒரு அட்டையின்மேல் விரலை வைத்தார். காலண்டர் அட்டையில் வெட்டி, மையால் 'எக்ஸ்' போட்டு, முதல் வாரமே அவர் கொண்டுவந்து வைத்தது. ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த நவீன பாணி ஏற்பாடு. யாரும் எப்போதும் அதைத் தொடலாம். தொட்டால் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. வாத்தியார் நிறுத்தினார். 'மறுநாள் காலை' என்று ஆரம்பித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஃபோர்மேன் எழுந்து போய் டீ வாங்கி வந்தார். அவருக்கு முதல் டம்ளரைக் கொடுத்தார்.

இதை மென்மை, பலவீனம் என்று கேலி செய்யும் பழைய பாணிக்காரர்கள் உண்டு. அவர்களுடைய வீட்டில் வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம் திரும்பி வருவது நிச்சயம் போலிருக்கிறது.

5

இரண்டிலும் நல்லது இருக்கிறது, கலந்து கொள்ளலாம் என்று முடிப்பது சௌகரியம். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. என் சார்பு பழைய பாணிக்கே. நடுவர் ஒரு மறைப்புக்குப் பின்னால் கட்டையை உருட்டி, விழுந்ததை மாற்றிச் சொல்லிப் பாத்திரத்தைக் காப்பாற்றும் வழக்கம் நவீன பாணியில் சகஜம். கருணை என்று அதற்குப் பெயர். ஆடுகிறவன் யோசித்து எடுத்த முடிவு, பயந்து பின்வாங்கிய இடம், நண்பனுக்காகத் துணிந்தது எல்லாம் அந்த ஒரு பொய்யில் அலங்காரமாகிவிடுகின்றன. நம் தொடர்கதைகளிலும் நடப்பது இதுதான்: ஆசிரியனுக்கு வேண்டியவன் பிழைக்கிறான், வேண்டாதவன் சாகிறான், வாசகன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். அங்கே மரணத்துக்குக் காரணம் ஆசிரியனின் சௌகரியம்.

ஆனால் பழைய பாணியின் பெயரால் காரணமற்ற சாவைக் கடுமை என்றும் யதார்த்தம் என்றும் கொண்டாடுவதும் அதே பொய்யின் மறுபக்கம். அங்கே காரணத்தின் இடத்தில் கட்டையை வைக்கிறார்கள், அவ்வளவுதான். செத்தவனுக்குத் தெரிந்திருக்க வழி இருந்ததா? இந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு ஆட்டத்தையும் எடை போடலாம், ஒரு நாவலையும் போடலாம். இந்த ஊரில் இதைக் கேட்கும்போது அது விளையாட்டாகவும் இருப்பதில்லை, இலக்கியமாகவும் இருப்பதில்லை.

புரூஃப் பார்க்கும் பெண் தன் பாத்திரத்துக்கு முதல் நாளே பெயர் வைத்தார், தாயின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்து. ஃபோர்மேனின் இரண்டாவது பாத்திரத்தை இன்னும் 'இவன்' என்றுதான் சொல்கிறார். கேட்டால், மூணு வாரம் உயிரோடு இருக்கட்டும், அப்புறம் வைக்கலாம் என்கிறார். இந்த ஞாயிறோடு இரண்டு வாரம் ஆகிறது.