மெத்தென்று இருந்தால் போதுமா?

வட்டி, வாராக்கடன், மாற்றல் உத்தரவு என்று புலம்பிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று பொம்மைக் கார் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். இதுவும் வங்கிக் கதைதான். கொஞ்சம் வீட்டுக் கதையும் கலந்தது.

புனேவுக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. பிம்ப்ரி, சிஞ்ச்வட் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், இது வண்டி செய்கிற ஊர். பெரிய கம்பெனிகளைச் சுற்றி போசரி எம்.ஐ.டி.சி.யில் சின்னச் சின்னப் பட்டறைகள். அதில் ஒன்று எங்கள் கிளை வாடிக்கையாளருடையது. வண்டிக் கண்ணாடி, விளக்கு மாதிரி உதிரி பாகங்கள் வழியில் அடிபடாமல் இருக்க, பெட்டிக்குள் வைக்கும் ஃபோமை அளவாக வெட்டிக் கொடுப்பார். பெயர் வேண்டாம், ஃபோம்காரர் என்றே வைத்துக்கொள்வோம். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கணக்கு விவரம் எதுவும் வெளியே வராது. :-))

இனி வீட்டுக் கதை. எங்கள் சின்னவனுக்கு ஐந்து வயது. உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்புக் கார்கள் முப்பதுக்கு மேல் வைத்திருக்கிறான். காலை ஆறு மணிக்கே டைல்ஸ் தரையில் பந்தயம் ஆரம்பித்துவிடும். கீழ்வீட்டு ஆஜி இரண்டு தடவை மேலே வந்து, கோபப்படாமல், "தலைக்கு மேலே லாரி ஓடுதே பாபா" என்று சொல்லிவிட்டுப் போனார். நாமெல்லாம் நுங்கு வண்டியைத் தெருத்தெருவாக ஓட்டினோம். சத்தம் தெருவோடு போயிற்று. மூன்றாவது மாடியில் இருப்பவன் எங்கே போவான்?

அந்த வாரம் ஸ்டாக் பார்க்கப் பட்டறைக்குப் போனபோது மூலையில் வெட்டுத் துண்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கார் ஓட்ட ஒரு ரோடு வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க சாஹேப்" என்றார். கடன் வாங்கியவரிடம் சும்மா வாங்கக் கூடாது என்பது முதல் மேனேஜர் சொல்லிக் கொடுத்த பாடம். பில் போடச் சொல்லிப் பணம் கொடுத்த பிறகுதான் வேலை ஆரம்பித்தது.

ஃபோம் என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்த பி.காம்.காரனுக்கு அங்கே நல்ல பாடம் நடந்தது. மெத்தையில் இருப்பது பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச். அதன் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். தண்ணீரையும் குழந்தையின் எச்சிலையும் உறிஞ்சிக்கொள்ளும், நாளாக ஆக மஞ்சளாகிப் பொடிந்து கொட்டும். டி.வி. பெட்டியில் வரும் வெள்ளை ஃபோம் இ.பி.இ. என்கிற பாலிஎத்திலீன். லேசானது, ஆனால் நகத்தால் கிள்ளினால் செதிலாகப் பிய்ந்து வரும். மூன்றாவது இ.வி.ஏ. ஹவாய் செருப்பு மாதிரி வரும் லேசான செருப்புகளிலும், குழந்தைகள் அறையில் போடும் எழுத்துப் பாய்களிலும் இருப்பது. துளைகள் மூடியவை என்பதால் தண்ணீர் இறங்காது, துடைத்து எடுத்துவிடலாம். மூன்றில் பொம்மைக்கு ஏற்றது இதுதான்.

இ.வி.ஏ.யிலும் சிக்கல் உண்டு. ரொம்ப மெத்தென்று இருந்தால் காரின் சக்கரம் புதைகிறது. தள்ளினால் அரை அடியில் நின்றுவிடும். கெட்டியாக எடுத்தால் ஓடும், ஆனால் பையன் தடுக்கி விழுந்தால் முனை குத்தும். ஃபோம்காரர் வழி கண்டுபிடித்தார். ரோட்டுக்குக் கெட்டித் தகடு, ஓரச் சுவருக்கு மெத்தென்ற தகடு. இரண்டையும் பசை போட்டு ஒட்டுவதுதான் அவர்கள் வழக்கம். அந்தப் பசையின் நெடி தலையை வலிக்கச் செய்தது. பசையே வேண்டாம் என்று, எழுத்துப் பாயில் இருப்பதுபோல் ஒன்றில் ஒன்று கோத்து மாட்டும் பல் வைத்து வெட்டினார்.

அந்தச் சின்னக் கார்கள் பொதுவாக 1:64 அளவு. சுமார் 7 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். 5 செ.மீ. அகலத்துக்கு ரோடு வைத்தோம், விரலோடு சேர்த்துத் தள்ள இடம் வேண்டுமே. ஃபோமில் சக்கரத்துக்கு இழுவை அதிகம் என்பதால் சரிவும் கூடுதலாகத் தேவைப்பட்டது. 30 செ.மீ. நீளமான சரிவுக்கு 8 செ.மீ. உயரம் கொடுத்தபோதுதான் கார் தானாக இறங்கியது, அதாவது ஏறக்குறைய 15 டிகிரி. கோடு, அம்புக்குறி எதையும் ஸ்டிக்கராக ஒட்டவில்லை. பள்ளமாகக் கீறிவிட்டார், உரிந்து வர ஒன்றும் இல்லை. கீழ்வீட்டு ஆஜிக்கு நிம்மதி.

இதோடு நின்றிருந்தால் பதிவு இங்கேயே முடிந்திருக்கும். ஃபோம்காரருக்கு ஆசை வந்துவிட்டது. வண்டித் தொழில் சுணங்கினால் அவர் பட்டறையும் சுணங்கும், ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பொம்மை செட்டாகச் செய்து விற்றால் என்ன என்று, ஒரு மாதத்தில் அழகான மாதிரி ஒன்றைப் பெட்டியோடு வீட்டுக்கே கொண்டுவந்தார். ரோடு, சரிவு, இரண்டு மாடி கராஜ், பெட்ரோல் பங்க், சிக்னல் கம்பம், நாலு மரம். சிக்னலில் பட்டன் செல் போட்டு விளக்கு எரிந்தது. கராஜ் கதவு டப் என்று மூட உள்ளே குட்டிக் காந்தம். "எல்லாம் ஃபோம் சாஹேப், குழந்தை மேலே விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

தங்கமணி காபி கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள். அவள் தங்கை கட்கியில் இருக்கிறாள், சனிக்கிழமை தோறும் பதினாலு மாதக் குழந்தையோடு வருவாள். பெட்ரோல் பங்கின் குழாயையும் ஒரு மரத்தையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து, "ஏங்க, இது குட்டி வாய்க்குள்ள முழுசா போயிடுமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஃபோம்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் கையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

அன்று இரவு உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். கடன் விண்ணப்பம் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டதே! அவள் கண்ணால் அளந்ததைத்தான் தரக்கட்டுப்பாடு உருளை வைத்து அளக்கிறது. 31.7 மி.மீ. விட்டம், சாய்வான அடிப்பாகம், ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மி.மீ. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் எந்தத் துண்டும், அமுக்காமல், எப்படித் திருப்பிப் போட்டாலும் அதற்குள் முழுசாக அடங்கக் கூடாது. கீழே போட்டு, இழுத்து, முறுக்கிப் பார்க்கும்போது பிய்ந்து வரும் துண்டுக்கும் இதே விதி.

ஃபோமின் குணம் இங்கேதான் எதிராக வேலை செய்கிறது. பல் முளைக்கும் குழந்தைக்குக் கடிக்க ஏதாவது வேண்டும். மரத்தைக் கடித்தால் பல் பதியும். மெத்தென்ற ஃபோமைக் கடித்தால் துண்டு கையோடு, இல்லை, வாயோடு வந்துவிடும். வழுவழுப்பான, அமுங்கி விரியும் துண்டு மூச்சுக் குழாயின் வாயில் போய் உட்கார்ந்தால் எடுப்பது கஷ்டம். விழுந்தால் அடிபடாமல் காப்பாற்றும் அதே மென்மை, கடித்தால் ஆபத்தாகிறது. பெட்டியில் "3 வயதுக்கு மேல்" என்று போட்டுவிட்டால் தப்பிக்கவும் முடியாது. பொம்மை எந்த வயதுக் குழந்தையை இழுக்கும் என்றும் பார்ப்பார்கள். பளிச்சென்ற நிறத்தில் பெரிய மெத்துமெத்துத் துண்டுகளைப் பார்த்து எந்தக் குழந்தை சும்மா இருக்கும்?

காந்தமும் பட்டன் செல்லும் இதைவிட மோசம். வலுவான இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, குடலையே துளைத்துவிடும். பட்டன் செல் உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையைப் புண்ணாக்கிவிடும். போதாததற்கு, விளக்கு வைத்ததும் அது மின்சார பொம்மை ஆகிவிடுகிறது. அதற்குத் தனித் தரம், ஐ.எஸ். 15644. மற்ற பொம்மைகளுக்கு ஐ.எஸ். 9873. அதில் கூர்முனை, தீப்பிடிப்பது, ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள், தாலேட் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி.

ஃபோமுக்கென்றே இன்னொரு விஷயம் உண்டு. இ.வி.ஏ.யை உப்ப வைக்கச் சேர்க்கும் ரசாயனம் சிதையும்போது ஃபார்மமைடு என்கிற பொருள் மிஞ்சலாம். இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யக்கூடியது என்று அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். 2010 கடைசியில் பெல்ஜியம் இதற்காகவே ஃபோம் புதிர்ப் பாய்களுக்குத் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் போட்ட விதிப்படி, ஃபோம் பொம்மையில் அது கிலோவுக்கு 200 மி.கி.க்கு மேல் இருந்தால், காற்றில் எவ்வளவு கசிகிறது என்றும் சோதித்துக் காட்ட வேண்டும். ஃபோம்காரரிடம் தகட்டுக்குச் சோதனை அறிக்கை உண்டா என்று கேட்டேன். பேக்கிங் தகட்டுக்கு யார் சாஹேப் அறிக்கை கேட்கிறார்கள் என்றார். நியாயம்தான். ஹெட்லைட் எதையும் கடிப்பதில்லையே.

அடுத்த வாரம் விண்ணப்பத்தோடு கிளைக்கு வந்தார். முத்ராவில் கிஷோர் பிரிவு, 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை. கையில் ஒரு கடைக்காரரின் ஆர்டர், தீபாவளிக்கு இருநூறு செட். எந்த மேனேஜருக்கும் பிடித்த விண்ணப்பம். பழைய வாடிக்கையாளர், ஒரு தவணை தவறியதில்லை, மார்ச்சுக்கு டார்கெட்டும் இருக்கிறது.

ஆனால் பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் வந்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடச் செய்யும் பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. நம் தஞ்சாவூர் தலையாட்டிக்கும் பக்கத்து மாநிலச் சென்னபட்டணா மர பொம்மைக்கும் அதனால்தான் சிக்கல் இல்லை. போசரியில் டை வைத்து வெட்டும் ஃபோமுக்கு விலக்கு இல்லை. பி.ஐ.எஸ். உரிமம், மாதிரிச் சோதனை, பட்டறையில் ஆய்வு எல்லாம் முடியாமல் ஒரு செட்கூட விற்க முடியாது.

சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல முத்திரை இல்லாம எத்தனை பொம்மை விக்கிறான், அவனை யார் கேட்டா? பில் போட்டு விக்கிற என்னைத்தான் எல்லாரும் கேக்கறீங்க" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. சின்னத் தொழில்காரனுக்குச் சோதனைச் செலவு பெரிய பாரம்தான். சட்டம் எல்லோருக்கும் ஒன்று, அதைத் தாங்கும் தோள் ஒன்றல்ல. ஆனாலும் அந்த இருநூறு செட்டில் ஏதோ ஒன்று பதினாலு மாதக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகும். அந்த வீட்டில் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் ஒரு தங்கமணி இருப்பாள் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பொம்மைக்கான கடனை நான் பரிந்துரைக்கவில்லை.

தீபாவளி ஆர்டர் போயிற்று. இரண்டு வாரம் அவர் கிளைப் பக்கமே வரவில்லை. பிறகு வந்தார், புது வரைபடத்தோடு. காந்தம் இல்லை, விளக்கு இல்லை, குழாய் இல்லை, மரம் இல்லை. எல்லாத் துண்டும் என் முஷ்டியைவிடப் பெரிது. கழுத்து மாதிரி ஒடுங்கும் இடம் எங்கேயும் கிடையாது. சோதனை அறிக்கையோடு தகடு தரும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார். உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாராம். அது கையில் வந்த பிறகு கடனைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் இப்படி ஒரு செட் வாங்கப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள் பாருங்கள்:

- ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழே உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும்.
- பெட்டியைத் திறந்ததும் நெடி தூக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.
- ஓரத்தை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். பிய்ந்து வந்தால் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது.
- கடித்த தடம் தெரியும் துண்டு, எவ்வளவு பிடித்ததானாலும், குப்பைக்குத்தான்.
- ஃபோம் எவ்வளவு நல்லதானாலும் அதன் மேல் ஓடும் காரின் சக்கரம் கழன்று வரலாம். அதையும் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது சட்டம் ஒன்றே ஒன்று. சனிக்கிழமை கட்கி ஆட்டோ வாசலில் நின்றதும், ரோடு, கராஜ், முப்பது கார் எல்லாம் பரணுக்கு ஏறிவிடும். ஏற்றுவது சின்னவன்தான். குட்டித் தங்கை ஊருக்குப் போனதும் இறக்கித் தருவது என் வேலை.