தனிமரமும் தோப்பும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், முன்வரிசையில் உட்கார வைத்தும் கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுத இயலாத சிறுமி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். ஆசிரியை அவளை மந்தம் என்று எண்ணுகிறார். பெற்றோர் தலையெழுத்து என்று நொந்துகொள்கின்றனர். அரசு மருந்தகத்திலிருந்து பள்ளி நலக் குழு வருகிறது. பிள்ளைகள் "மிஸி" என்றழைக்கும் தாதி சுவரில் எழுத்தட்டையை மாட்டி, ஒரு கண்ணைக் கையால் மூடச் செய்து, மற்றொரு கண்ணால் படிக்கச் சொல்கிறார். இரண்டு நிமிடத்தில் உண்மை வெளிப்பட்டுவிடுகிறது. குறை அறிவில் இல்லை, பார்வையில்தான் இருக்கிறது.

தாதி மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார். அதன் பின்னர் என்ன நிகழ்கிறது? தந்தை ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போகும். தாயோ விடியுமுன் வேலைக்குச் சென்றுவிடுபவள். கடிதம் புத்தகப் பையிலேயே மடிந்து கிடக்கிறது. அடுத்த ஆண்டு குழு வரும்போது அக்குடும்பம் தோட்டத்தை விட்டு வேறு ஊருக்குப் போயிருக்கிறது. தாதி தம் கடமையில் தவறினார் என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் சிறுமிக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. தனிமரம் தோப்பாகாது என்னும் பழமொழியின் பொருளை இவ்விடத்தில் நன்கு உணரலாம்.

தோட்டப்புறத்திற்கு இத்தனிமை புதிதன்று. மலாயாவில் செம்பனை முதன்முதலாக வணிக முறையில் பயிரிடப்பட்டது, 1917ஆம் ஆண்டு, பத்தாங் பெர்ஜூந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில். அவ்வூர் 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா எனும் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவ்வட்டாரத் தோட்டங்களில் பாலுக்கும் பழத்திற்கும் உழைத்தோர் காய்ச்சலுக்கும் குருதிச் சோகைக்கும் ஆளாயினர். 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடியச் செய்து மலேரியாவைக் கட்டுப்படுத்தலாம் என்று மெய்ப்பித்தார். எனினும் அன்றாடம் லயத்து மக்களின் நாடியைப் பிடித்தவர் தோட்டத்து டிரசரே ஆவார்.

டிரசரின் நிலை இரங்கத்தக்கது. அவர் துரையிடம் சம்பளம் வாங்குபவர். அவரிடம் வரும் நோயாளியோ அதே துரையின் தொழிலாளி. ஓய்வுச் சீட்டு எழுதினால் துரையின் முகம் சுருங்கும். எழுதாவிட்டால் லயம் முழுவதும் ஏசும். குடிநீர் கெட்டிருக்கிறது என்று சொல்வதற்கும் துணிவு வேண்டும். அத்துணிவைத் தனியொருவர் எவ்வளவு காலம் தாங்குவார்? தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் 1965ஆம் ஆண்டு வந்தபோது, அப்பணிக்குச் சட்டத்தின் ஒப்புதல் கிட்டியது. தோட்ட அலுவலர்களின் தொழிற்சங்கம் அவர்களையும் உறுப்பினராக ஏற்று, அவர்கள் சார்பில் பேசியது. துரையின் முன் தனியே நின்றவருக்குப் பின்னால் ஓர் அணி நின்றது. தொழிலாளரும் இப்பாடத்தைக் கற்றவர்களே. வட்டாரந்தோறும் சிதறிக் கிடந்த சங்கங்கள் 1954ஆம் ஆண்டு ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக உருவெடுத்த வரலாற்றைத் தோட்டப்புறம் நன்கறியும்.

பள்ளித் தாதியர் வரலாறும் இதனையே கூறுகிறது. 1902ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், தொற்று நோயுள்ள பிள்ளைகளைப் பள்ளியினின்றும் வீட்டுக்கு அனுப்பி வந்தனர். அனுப்பப்பட்டவர்க்கு மருந்திட எவரும் இல்லை. எனவே அவர்கள் தெருவில் திரிந்தனர். லினா ரோஜர்ஸ் எனும் தாதி நான்கு பள்ளிகளில் ஒரு மாத காலம் சோதனையாகப் பணியாற்றினார். புண்ணுக்கு மருந்திட்டார், வீடுதேடிச் சென்று தாய்மாருக்கு விளக்கினார். வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் தொகை மளமளவென்று குறையவே, நகராட்சி மேலும் பல தாதியரைப் பணியில் அமர்த்தியது. பெருமை ரோஜர்சுக்கு உரியதே. ஆயினும் அவரை அனுப்பியது லிலியன் வால்டு நிறுவிய ஹென்றி தெரு இல்லத்துத் தாதியர் குழு என்பதை மறத்தலாகாது. அனைத்துலகத் தாதியர் மன்றமும் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1899இல், தோன்றிவிட்டது.

மலேசியத் தாதியர் சங்கம் நாடு தழுவிய அமைப்பாக உள்ளது. ஊதியமும் பணிநிலையும் பற்றிப் பேசத் தொழிற்சங்கமும் உண்டு. அவ்வாறிருக்க, வட்டார அளவில் பள்ளித் தாதியர் கூடுவதன் பயன் யாது எனச் சிலர் வினவக்கூடும். தலைநகரில் நடக்கும் கருத்தரங்கு நகரப் பள்ளிகளை மனத்தில் கொண்டு பேசும். செம்மண் சாலையின் முடிவில் உள்ள சிறு பள்ளியின் சிக்கல் வேறு. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, மலாய்மொழிப் படிவத்தைப் படிக்கத் தெரியாத தாய், பேருந்து வராத சாலை ஆகியவற்றை அறிந்தவர், அதே சாலையில் பயணம் செய்யும் மற்றொரு தாதியே.

கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம், உலு சிலாங்கூர் ஆகிய மூன்று மாவட்டத் தாதியரும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒரே மேசையைச் சுற்றி அமர்வதாக எண்ணிப் பார்க்கலாம். ஒரு பள்ளியில் மூவருக்குச் சொறி கண்டால் அது சிறு செய்தி. பத்துப் பள்ளிகளில் அவ்வாறே கண்டால், அது வட்டாரத்தின் நோய். இவ்வேறுபாடு, குறிப்பேடுகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தாலன்றித் தெரியாது. பதின்மூன்று வயதுச் சிறுமியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் 2010இல் தொடங்கியபோது, அதன் நன்மையைத் தாய்மாருக்கு அவர்தம் மொழியில் எடுத்துரைக்கும் பொறுப்பும் உடன் வந்தது. தமிழில் தெளிவாக விளக்கத் தெரிந்த ஒரு தாதியின் சொற்கள் மற்றையோர்க்கும் பயன்படுதல் வேண்டும். குடற்புழுவும் சோகையும் மட்டுமே கவலையாய் இருந்த காலம் போய், இன்று மிகு எடையும் நீரிழிவின் அச்சமும் சேர்ந்துள்ளன. பயிற்சிக் காலத்தில் கற்றது ஆயுள் முழுமைக்கும் போதாது.

சங்கம் என்றதும் முகம் சுளிப்போரும் உளர். சந்தா கட்டினால் என்ன கிடைக்கும் என்பர். பதவிப் போட்டி, மாலை மரியாதை, குழுப்படம், தேநீர் விருந்து, அடுத்த ஆண்டும் அதே தலைவர் என்று எள்ளி நகையாடுவர். இக்குறையைத் தமிழர் அமைப்புகளை அறிந்தோர் மறுக்க இயலாது. ஆனால் ஏர் கோணினால் உழவையே கைவிடுவார் உண்டோ? நல்லோர் விலகி நிற்கும் சங்கத்தில் நாற்காலியை நாடுவோரே எஞ்சுவர். ஒரு கூட்டத்தின் மதிப்பு, முடிவில் எத்தனை பிள்ளைகளின் பெயர்கள் கைமாறின என்பதைக் கொண்டே அளக்கப்படல் வேண்டும்.

பெயர்கள் கைமாறுதல் என்பது சிறு செயலன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் இக்காலத்தில், குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் செல்கின்றன. பள்ளி மாறும் பிள்ளையைத் தேடிக் கடிதம் தானே நடந்து செல்லாது. "என் பட்டியலில் இருந்த சிறுமி உங்கள் பக்கம் வந்திருக்கிறாள், கண் பரிசோதனை நின்றுபோயிற்று, உரியவரிடம் சொல்லித் தொடர்ந்து பாருங்கள்" என்று சொல்லத்தக்க உறவு இருந்தால், அடுத்த ஊர்த் தாதி அவளைத் தேடிச் செல்வார். பழகிய முகத்திடம்தான் அவ்வாறு உரிமையோடு கேட்க முடியும். அம்முகத்தைப் பழக்குவதே சங்கம்.

அன்று புதிய பள்ளியில் அச்சிறுமி கண்ணாடி அணிந்து, பின்வரிசையில் அமர்ந்திருந்தும் கரும்பலகையில் உள்ளதைத் தடுமாறாது படிப்பாள். அவளுக்குச் சங்கத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. நிழலில் அமர்ந்தவர், தோப்பில் எத்தனை மரம் என்று எண்ணுவதில்லை.